தொண்டைக்குப் போன இடத்துல

அட, உங்களப் பாத்து நாக்க நீட்டலைங்க. கண்ணாடியப் பாத்து நீட்டினேன், நடுவுல நீங்க வந்து நின்னுட்டீங்க. கோவிச்சுக்கிட்டு கோட்டக் கழட்டிராதீங்க, ஒரு பக்கம் பூரா குண்டூசி குத்தி வச்சிருக்கேன். அப்படியே நில்லுங்க. கைய மட்டும் லேசாத் தூக்குங்க. ம்.

பைத்தியம்லாம் இல்லைங்க. பயிற்சி. எல்லாரும் கைகாலுக்குப் பண்ணுவாங்க, நான் நாக்குக்குப் பண்றேன். சிரிக்காதீங்க, தோள் அளவு மாறிரும். நாக்க மேலண்ணத்துல ஒட்டி, அப்படியே பின்னால இழுக்கணும். அப்புறம் மொத்த நாக்கையும் மேல அழுத்திப் பிடிக்கணும். விரல விட்டுக் கன்னத்த வெளிய தள்ளணும், அந்தக் கன்னம் விரல உள்ள தள்ளணும். கடைசில ஆ, ஈ, ஊன்னு வாயப் பொளந்து இழுத்து இழுத்துச் சொல்லணும். மொதத் தடவ நான் பண்ணப்போ எதிர்க்கடைப் பூட்டுக்காரர் ஓடியே வந்துட்டார், தொண்டையில பட்டன் சிக்கிக்கிச்சுன்னு. முதுகுல நாலு குத்து வாங்குனப்புறம்தான் விஷயத்தச் சொல்ல முடிஞ்சுது.

எதுக்கா? குறட்டைக்குத்தாங்க. வெறும் குறட்டைன்னா யாரு கவலைப்படப் போறா? எனக்குக் குறட்டை நடுவுல நின்னுரும். அதோட மூச்சும் நின்னுரும். தூங்கும்போது தொண்டைச் சதை தளந்து வழிய அடைச்சிருதாம். எனக்கு என்ன தெரியும், நான்தான் தூங்குறேனே. கேட்டுக்கிட்டு முழிச்சுக் கெடந்தது என் வீட்டுக்காரி. சத்தம் நின்னா ஒடனே முழங்கையால விலாவுல ஒண்ணு விடுவா. நான் மூச்ச இழுத்துக்கிட்டு எந்திரிச்சு, ஏண்டி மனுஷனத் தூங்க விடமாட்டேங்கிறன்னு அவளையே திட்டுவேன். என்ன ஆளு பாருங்க நான்.

பகல் கதை இன்னும் கேவலம். தையல் மிஷின்ல உக்காந்தபடியே கண்ணு சொக்கிரும். ஒருத்தர் பேன்ட்ட ரெண்டு காலையும் சேத்து ஒரே தையலா ஓட்டிட்டேன். கடல்கன்னிக்கு எடுப்பா இருந்திருக்கும். அன்னிக்குத்தான் கையப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா.

டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, ஆரம்பம்தான், ஆனா விட்டா இதயத்துக்கு ஆகாதுன்னார். ராத்திரி மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டுத் தூங்கணும், காத்து அடிக்கிற மிஷின் ஒண்ணு இருக்குன்னார். நான் ஒத்துக்குவேனா? தும்பிக்கையோடல்லாம் படுக்கமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னேன். சரி, எடையக் கொறைங்க, ஒருக்களிச்சுப் படுங்க, இந்தப் பயிற்சியும் பண்ணுங்க, மறுபடி டெஸ்ட் எடுப்போம், அப்பவும் கொறையலன்னா மிஷின்தான்னு சொல்லி, பயிற்சி குடுக்கிற அம்மாகிட்ட அனுப்பினார். அந்தம்மா கேட்ட மொதக் கேள்வி, ஏங்க வாயே தொறக்காமப் பேசுறீங்க? வாழ்க்கை பூரா வாயில குண்டூசியக் கவ்விக்கிட்டே பேசுன ஆளுங்க நான். உதடு அசைஞ்சா ஊசி விழுந்துரும். வீட்லயும் அதே பழக்கம். ஊசியத் துப்பிட்டுப் பேசுங்கன்னு அவ கத்துவா, நான் அதுக்கும் ம்ம்முன்னு முடிச்சுருவேன்.

ஆச்சா, பயிற்சி பண்ண ஆரம்பிச்சேன். விலாவுல இடி கொறைஞ்சுது. அப்புறம் சுத்தமா நின்னே போச்சு. காலையில அவ தெளிவா எந்திரிச்சு வர்றா. ராத்திரி குறட்டை விட்டேனாடின்னா, சத்தமே இல்லைங்கன்னு சொல்றா. எனக்கு வந்துச்சு பாருங்க பெருமை! காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். பூட்டுக்காரருக்குக் குறட்டையே கிடையாது, அவரையும் விடல, ஆ ஈ ஊ போட வச்சேன். டாக்டருக்கே சொல்லிக் குடுக்கலாம்ங்கிற நெனப்புலதான் மறு டெஸ்ட்டுக்குப் போனேன்.

திரும்புங்க, முதுகுப் பக்கம் பாத்துர்றேன். ம், சுருக்கம் இல்ல.

டெஸ்ட்டுல ஏதோ பேருக்குக் கொறைஞ்சிருக்கு. குறட்டை அமோகம், மூச்சும் நின்னு நின்னுதான் வருது. சரியாயிருச்சுன்னு யாருங்க சொன்னதுன்னு டாக்டர் கேக்குறார். இதோ சாட்சின்னு நான் வீட்டுக்காரியக் காட்டுறேன். டாக்டர் அவகிட்ட ஏதோ கேட்டார். அவ சிரிச்சுக்கிட்டே தலையாட்டினா. அவர் அவளயே ஒரு மாதிரி பாத்துட்டு, கையிலிருந்த பேப்பரால தன் வாய மறைச்சுக்கிட்டு, திரும்பக் கேட்டார். அவ என் மூஞ்சியப் பாத்தா.

மூக்கு, காது, தொண்டை மூணுக்கும் அவர் ஒருத்தர்தாங்க டாக்டர். தொண்டைக்குப் போன இடத்துல காது தெரிய வந்துச்சு. ஒரு காது சுத்தமாப் போச்சு, இன்னொண்ணு பாதிக்கு மேல போச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு, அவளுக்கே பிடிபடல. ஏண்டி, நான் பேசுறது கேக்கலன்னுகூடவா தோணலன்னு கேட்டேன். நீங்க வாயில ஊசிய வச்சுக்கிட்டு முணுமுணுக்கிறீங்கன்னு நெனச்சேங்கன்னா.

அன்னிக்கு ராத்திரி என் நெஞ்சு மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டுப் படுத்தா. காது கேக்கலன்னா என்ன, நெஞ்சு எழும்பலன்னா கைக்குத் தெரியும்னு. நான் முழிச்சுப் பாத்தப்பல்லாம் அவளும் முழிச்சுத்தான் கெடந்தா. அந்தக் கையும் தூங்க வேண்டாமா? மறுநாளே மிஷினுக்குத் தலையாட்டிட்டேன். இப்ப ராத்திரி அவ காது மிஷினக் கழட்டி வைப்பா, நான் மூக்கு மிஷின மாட்டுவேன். தும்பிக்கையோடதான் படுக்கிறேன், கும்பிட்டுக்கங்க.

பின்ன எதுக்கு இன்னும் நாக்க நீட்டுறேனா? மிஷினோட சேத்துப் பண்ணுனா நல்லதுதான்னு டாக்டர் சொன்னார். ஆனா அதுக்காக மட்டும் இல்லைங்க. காது மிஷின் சத்தத்தத்தான் கூட்டிக் குடுக்குது, என்ன பேச்சுன்னு அவ உதட்டப் பாத்துத்தான் பிடிக்கிறா. மத்தவங்களுது நல்லாப் பிடிக்கிறா. என்னுதுதான் தெறக்காத பூட்டு. அதான் வாயில கவ்வுன ஊசியெல்லாம் மணிக்கட்டுல கட்டுன பட்டைக்கு வந்துருச்சு, ஆ ஈ ஊ ரெண்டு பங்காயிருச்சு.

நேத்து இதே கண்ணாடிக்கு முன்னால நின்னு, சத்தமே இல்லாம வெறும் வாய மட்டும் அசைச்சு அவகிட்ட ஒண்ணு சொன்னேன். என்னன்னு கேக்காதீங்க, இந்த வயசுல வெளிய சொல்ற விஷயம் இல்ல. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருந்தவ கைய நிறுத்திட்டு என்னயே பாத்தா. பாத்துட்டு, இத்தன வருஷத்துல இன்னிக்குத்தாங்க நீங்க பேசுனது முழுசாப் புரிஞ்சுதுன்னா.

சரி, கோட்டக் கழட்டுங்க. பாத்து, விலாப் பக்கம் ஊசி இருக்கு.