ஏழாம் எண்ணுக்காக இடக்கை உயர்த்துங்கள்

நடுநாயகமாக வீற்றிருந்து, ஒரே ஒரு கைமணியால் எங்கள் எல்லோருடைய வாயையும் அடக்கும் வல்லமை பெற்ற தலைவர் கிளெமான்ஸ் மெய்லான் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முழங்காலில் கம்பளி போர்த்தி அமர்ந்திருக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் மூத்தோர்களே! தொலைவு பாராமல், தூறல் பாராமல், ஜெனீவாவிலிருந்தும் லொசானிலிருந்தும் தொடர்வண்டி ஏறி வந்திருக்கும், தங்கத்தைத் தாண்டித் தரத்தைத் தேடும் சேகரிப்பாளப் பெருமக்களே! விடிந்ததிலிருந்து உருளைக்கிழங்கு அவித்துவிட்டு, இந்த அன்செல்ம் ரொஷா எப்போது பேசி முடிப்பான், எப்போது பரிமாறுவது என்று கரண்டியும் கையுமாக எட்டிப் பார்க்கும் தாய்மார்களே! உள்ளே வந்தும் வராமலும் கதவோரம் நிற்கும் ஃபிர்மான் கினியார் அண்ணன் அவர்களே! அனைவருக்கும் இந்தச் சேகரிப்பாளர் சங்கத்தின் செயலாளன், இன்று கொஞ்சம் வெட்கத்தோடும் நிறைய வேண்டுதலோடும், வணக்கம் சொல்கிறேன்.

கதவைச் சாத்த வேண்டாம் தம்பி. அண்ணன் அங்கேயே நிற்கட்டும். ஆறு ஆண்டுகள் கழித்து இந்த மண்டபத்தின் பக்கம் வந்திருக்கிறார். குளிர் அடித்தால் பொறுத்துக்கொள்வோம்.

பெரியோர்களே! பூமி இழுக்கிறது. இழுக்கிற பூமிக்கு இசைந்தால் கடிகாரம் பிசகுகிறது. என்ன செய்தான் மனிதன்? பூமியோடு மல்லுக்கு நின்றான்! துடிக்கிற சக்கரத்தைத் தூக்கி ஒரு கூண்டில் வைத்தான். அந்தக் கூண்டையே நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றவிட்டான். எப்பக்கம் இழுத்தாலும் எல்லாப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கத்துப் பிழை நிற்கும்? அதுதான் டூர்பியோன்! கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் எழுபது உறுப்புகள். தும்மினால் தொலைந்துபோகும் திருகாணிகள். இத்தனையும் எதற்கு? ஒரு நாளைக்கு ஓரிரு நொடி மிச்சம் பிடிக்க! பைத்தியக்காரத்தனம் என்கிறீர்களா? ஆம், ஆனால் அழகான பைத்தியம். நாமும் அதைத்தானே கட்டிக்கொண்டு அலைகிறோம்?

வோசெல் வீட்டார் செய்த டூர்பியோன் மூன்று வடிவங்களில் வந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் மனப்பாடம். முதல் வடிவம் பன்னிரண்டே பன்னிரண்டு, மஞ்சள் தங்கம். இரண்டாம் வடிவம் நாற்பது, செந்தங்கம். மூன்றாம் வடிவம் நூறு, பிளாட்டினம். எப்படி வேறுபடுத்துவது? முகத்தைப் பார்த்தா? முகத்தைப் பார்ப்பவன் வாடிக்கையாளன், முதுகைப் பார்ப்பவன்தான் சேகரிப்பாளன்! பின்புறம் கூண்டைத் தாங்கும் எஃகுப் பாலத்தில் உள்மூலை ஒன்று இருக்கிறது. இரண்டாம் வடிவத்தில் அந்த மூலை மழுங்கியிருக்கும், ஏனென்றால் எந்திரம் தேய்த்தது. மூன்றாம் வடிவத்தில் மழுக்கத்தைத் திருத்தினார்கள், ஆனால் நூறும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்கும். முதல் வடிவத்திலோ மூலை ஊசிபோல் நிற்கும். மனிதக் கை, ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த கூர்மை. அதில் மயிரிழைக் கோடுகள் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

நம் சங்கத்தின் வழக்கம் தெரிந்ததே. பச்சைக் கம்பளத்தில் கடிகாரங்களைக் குப்புறப் படுக்க வைப்போம். எண்ணை மூடுவோம். எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை உரிமையாளர் வாய் திறக்கக் கூடாது. ஆறு ஆண்டுகளுக்கு முன், இதே மண்டபத்தில், முதல் வடிவத்தில் ஒன்பது கடிகாரங்கள் வரிசையில் கிடந்தன. எட்டில் கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்றில் இடப்பக்கம்! உள்மூலையிலும் ஒரு சின்னத் தடுமாற்றம். லென்ஸ்கள் குவிந்தன, புருவங்கள் உயர்ந்தன. மூடிய எண்ணைத் திறந்தோம். ஏழு. உரிமையாளர் யார்? மலையடிவாரத்தில் வாஷரான் பாலாடைக்கட்டி செய்யும் ஃபிர்மான் அண்ணன். பதினோரு பசுக்களை விற்று அந்தக் கடிகாரத்தை வாங்கியவர்.

உடனே ஒரு குரல் எழுந்தது. யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். என்ன ஐயா, நீங்களே சொல்கிறீர்களா? சரி, ஜெனீவாவின் தெ சோஜி ஐயா பெருந்தன்மையாகக் கை காட்டுகிறார். "பாலத்த யாரோ மாத்திட்டாங்கய்யா. உடம்பு ஒண்ணு, முதுகு ஒண்ணு. ஒட்டுக் கடிகாரம்!" என்றார். பின்வரிசையில் யாரோ, "கட்டி விக்கிறவரு கைக்கு ஒட்டுதான் ஒட்டும்" என்றார். சிரித்தோம். நானும் சிரித்தேன். சங்கத்தின் பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு எதிரே 'ஒட்டு' என்று எழுதியது இந்தக் கை, இந்தப் பேனா. அண்ணன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

போன பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டுமல்லவா? "வண்டிக்கு நேரமாச்சா, மணி என்ன?" என்று ஒருவர் கேட்டார். எட்டு டூர்பியோன்கள்! எட்டும் எட்டு வெவ்வேறு மணி சொல்லின! தெ சோஜி ஐயாவின் ஐந்தாம் எண் பிற்பகலில் எட்டு நாற்பது காட்டியது. நாம்தான் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள், சாவி கொடுக்க மாட்டோமே! நாள்தோறும் ஓடுகிற ஒரே கடிகாரத்தை அப்போதுதான் அவமானப்படுத்தி அனுப்பியிருந்தோம். அன்றைக்கு எல்லோரும் வண்டியைத் தவறவிட்டீர்கள். சிரிக்கிறீர்கள். என் வீட்டில் ஆறு பேர் தரையில் படுத்துத் தூங்கியது என் மனைவிக்குத்தான் தெரியும்.

ஆனால் அண்ணனுக்கு அது சிரிப்பில்லை. ஊர் அவரை 'ஒட்டு ஃபிர்மான்' என்று கூப்பிட ஆரம்பித்தது. வருகிற வசந்தத்தில் அருங்காட்சியகத்தில் முதல் வடிவங்களை ஒன்றாகக் காட்டப் போகிறார்கள். பன்னிரண்டில் எத்தனைக்கு அழைப்பு? பதினொன்றுக்கு! நம் பதிவேட்டை நம்பித்தான் அழைப்பு அனுப்பினார்கள்.

சென்ற மாதம் அவர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, நடுத்தரப் பெட்டியில ஒரு வாஷரான் குடுங்க."

"எதுக்கு? ஒட்டுக்காரன் செஞ்ச கட்டியும் ஒட்டாத்தான் இருக்கும். லென்ஸ் கொண்டாந்திருக்கியா? பாத்துட்டு வாங்கு."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெர்தில் ஓபேர் அம்மையாருக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா ஒட்டு ஒட்டுன்னு? வோசெல்லோட ஏழாம் நம்பரா? இங்க குடு பாப்போம்."

அண்ணன் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து, ஏப்ரனில் துடைத்துக் கொடுத்தார். ஆமாம், உப்புநீரில் கைவிட்டுக் கட்டி கழுவும்போதும் அதுதான் கையில் இருந்தது! மயங்கி விழாதீர்கள், ஐயாமார்களே. அம்மையார் என் லென்ஸைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தார். பார்த்தார். பிறகு அந்தக் கடையே அதிரும்படி சிரித்தார்.

"அடேய், வோசெல் பட்டறையில இந்தப் பாலமெல்லாம் தேச்சது நான்தான்டா! இது நான் ஏரியில விழுந்த வருஷம்! உறைஞ்ச ஏரியில சறுக்கப் போயி வலது மணிக்கட்டு படக்குன்னு போச்சு. மாவுக்கட்டு. ஆறு பாலம் முடிச்சாச்சு, ஏழாவது மேசையில கெடக்கு. அப்ப வாங்க வந்த வெளியூர்க்காரரு ஓட்டல்ல வந்து உக்காந்துட்டாரு. மேஸ்திரி வேற ஆளுகிட்ட குடுக்கவான்னான். 'என் வேலைய எவன் தொட்டாலும் கைய ஒடிப்பேன்'னேன். அப்புறம் இடது கையால தேச்சேன். மூணு குப்பைக்குப் போச்சு. நாலாவது இதுதான்."

"இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"யாருடா கேட்டீங்க? திருகாணியப் பாத்தீங்க, எடையப் பாத்தீங்க, மூலையப் பாத்தீங்க. நான் இந்த மண்டபத்துலேர்ந்து நானூறு அடியிலதானே இருக்கேன்? ஒருத்தன் வந்து, இத யாரு தேச்சான்னு கேட்டீங்களா?"

அவையோரே, கேட்டோமா? ஒன்பது பாலத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவர்கள் நாம். பாலத்தைத் தேய்த்தவரைக் கண் திறந்து பார்த்தோமா? கூண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணியவர்கள், ஒரே ஒரு முறை திரும்பி, அடுத்த தெருவைப் பார்த்தோமா? உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கடிகாரம் ஒரு வங்கி முதலாளியின் மணிக்கட்டிலிருந்து வந்திருந்தால், 'ஆகா, அபூர்வம்!' என்று எழுதியிருப்பேன். பாலாடைக்கட்டி வாசம் வந்ததால் 'ஒட்டு' என்று எழுதினேன். அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இதைப் போய்ச் சொன்னபோதும் தெ சோஜி ஐயா விடவில்லை. விடக் கூடாது, சேகரிப்பாளருக்குச் சந்தேகம்தான் மூக்கு. "வயசான அம்மா, பாவப்பட்டுச் சொல்றாங்க. செஞ்சு காட்டச் சொல்லுங்க" என்றார். போன ஞாயிறு, அம்மையார் வீட்டு அடுக்களையில் நாங்கள் ஏழு பேர் சுற்றி நின்றோம். எழுபத்தெட்டு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்த வேலை செய்யாத இடக்கை. எஃகுத் துண்டைப் பிடித்தார், ஜென்ஷியன் தண்டை எடுத்தார். முதல் துண்டு கெட்டது. இரண்டாவது கெட்டது. மூன்றாவதும் கெட்டது. "எல்லாரும் மூச்சு விடுங்கடா, பிணத்தச் சுத்தி நிக்கிற மாதிரி நிக்காதீங்க" என்றார். நான்காவதை லென்ஸின் கீழ் வைத்தோம். கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது! உள்மூலைக்கு வரும்போது தண்டை ஒருமுறை தூக்கி மறுபடி வைத்த அதே சின்னத் தடுமாற்றம், அதே இடத்தில்! இரண்டு மணி நேரம் ஏழாம் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். முடிவில் தெ சோஜி ஐயா என்ன சொன்னார்? "ம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பதிவேட்டில் எழுதியதை அடிக்க வேண்டுமானால் அவையில் உள்ள அத்தனை பேரும் கை தூக்க வேண்டும். ஒரு கை தாழ்ந்திருந்தாலும் 'ஒட்டு' அப்படியே நிற்கும். இது நம் தாத்தாக்கள் போட்ட விதி, நான் மாற்ற முடியாது. ஆனால் எந்தக் கையைத் தூக்குவது என்று விதியில் இல்லை. எனவே கேட்கிறேன்: கடிகாரம் கட்டிய கையைத் தூக்குங்கள், ஏழாம் எண்ணைத் தேய்த்த கையைத் தூக்குங்கள், இடக்கையைத் தூக்குங்கள்!

எழுகின்றன... எழுகின்றன... முன்வரிசை முழுவதும். பின்வரிசை. தாய்மார்களே, கரண்டியோடு தூக்கினாலும் செல்லும். பெர்தில் அம்மா, நீங்கள் உறுப்பினர் இல்லை, இருந்தாலும் தூக்குங்கள், யார் தடுப்பது? ஒரு கை மட்டும் இன்னும் மடியில் இருக்கிறது. தெ சோஜி ஐயா... நான் அவசரப்படுத்த மாட்டேன். நீங்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அந்தக் கையையும் பார்த்தீர்கள்.

எழுந்தே நின்றுவிட்டார்! எழுந்து நின்று, ஐந்தாம் எண் கட்டிய இடக்கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்! தட்டாதீர்கள், தட்டினால் கை இறங்கிவிடும், தலைவர் எண்ணட்டும். எண்ணியாயிற்றா அம்மையாரே? ஒன்றும் குறையவில்லையா? அப்படியானால் இதோ, அதே பேனா. 'ஒட்டு' என்ற சொல்லை அடிக்கிறேன். அதன் மேலே எழுதுகிறேன்: 'முதல் வடிவம், ஏழாம் எண். தேய்த்தவர் பெர்தில் ஓபேர், இடக்கையால். வைத்திருப்பவர் ஃபிர்மான் கினியார்.' இந்தப் பக்கம் நாளைக் காலை அருங்காட்சியகத்துக்குப் போகும். பன்னிரண்டாவது அழைப்பு வரும்.

அண்ணே, உங்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். ஊர் முன்னால் சிரித்தேன், ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். உள்ளே வாருங்கள்.

இனிப் பதிவேட்டில் இன்றைய தேதியும் நேரமும் குறிக்க வேண்டும். இந்த மண்டபத்தில் நாற்பது டூர்பியோன்கள் தூக்கிய கைகளில் மின்னுகின்றன. ஒன்றையும் நான் நம்ப மாட்டேன்! ஃபிர்மான் அண்ணே, மணி என்ன?

உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்... பன்னிரண்டு ஏழு! எழுதிவிட்டேன், பன்னிரண்டு மணி ஏழு நிமிடம். எல்லோரும் உங்கள் கடிகாரங்களை அவருடையதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள், ஐயா நீங்களும்தான். பொறுத்திருந்து கேட்ட அவைக்கும், பொறுமையிழந்தும் பொறுத்த அடுக்களைக்கும், நான்காவது துண்டுவரை விடாத அம்மையாருக்கும் என் நன்றி. கிழங்கு ஆறுவதற்குள் சாப்பிடுவோம். வணக்கம்.