நாலாவது ஆளுக்கு வைத்தியம்

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு நர்ஸ் பொண்ணும் தாடிக்காரன் ஒருத்தனும்.

"சலீம் செத்தது செத்ததுதான். ஒரு நாளைக்கு மூணு பேரைத்தான் நீ பொழைக்க வைக்கலாம்" என்றான் அவன்.

எனக்குத் திக்கென்றது. ஊடே புகுந்து கேட்கிறவள் இல்லை நான். கேட்டுக்கினே வந்ததில் தெரிந்தது: தாயம் உருட்டிக் கதை சொல்லி ஆடுகிற ஆட்டமாம். ஆட்டத்தை நடத்துகிறவன் தாடிக்காரன்; செத்தது கூட ஆடுகிற சலீமோட வீரன், அன்னிக்கு நாலாவது ஆள்; இவள் அதில் வைத்தியக்காரி.

"வார்டுல மூணு பேரோட நிறுத்திக்கினு வூட்டுக்குப் போயிடறனா நானு? நெசமா யோசிபா."

"எல்லாரையும் நீயே எழுப்பினா எவனுக்குத்தான் சாவு பயம் இருக்கும்? பேலன்ஸ் வேணும்."

"சலீம் இனிமே ஆடவே வரமாட்டானாம்."

அவன் தாடியைச் சொறிந்தான்.

"சரி, எழுப்பிக்கோ. ஆனா வைத்தியக்காரி களைச்சுப் போய் ரெண்டு நாள் படுக்கைதான். நெசம் கேட்டியே."

"ரெண்டு நாள் ரெஸ்ட்டா? எனக்கே எவனும் குடுத்ததில்ல!" சிரித்தாள். "படுக்கட்டும். சலீமுக்குப் போன் போடு."