பாதி அட்டை

கிறிஸ்டினா: விரலை நீட்டுங்க பரணி அண்ணா. ஒரு சொட்டு ரத்தம்தான்... கண்ண மூடிக்கினா வலிக்காதா?

பரணிதரன்: பழுக்கக் காஞ்ச இரும்புக் கம்பிய இடுக்கியில புடிச்சு இழுக்கறவன் சிஸ்டர் நானு. ஊசின்னாதான் ஒரு மாரி...

தேவதர்ஷினி: இத உங்க புதுவாயல் மில்லுல வந்து சொல்றேன் இருங்க.

பரணிதரன்: நீ சும்மா இரு தேவி. ஊட்டுக்காரனுக்கு ஊசி குத்தறாங்க, சிரிக்கிறா பாருங்க.

கிறிஸ்டினா: காய்ச்சல்?

பரணிதரன்: நின்னு போச்சு. நாளிக்கு டூட்டிக்குப் போலாம்னு...

கிறிஸ்டினா: ரத்தம் பாத்துட்டு சொல்றேன். ஒடிசா மில்லுக்கு வேலைக்குப் போய்ப் புடிச்சுக்கினு வந்த மலேரியா இது, லேசுல வுடாது. மாத்திரை அட்டையக் குடுங்க. காலி அட்டைய சுகாதார நிலையத்துல கேப்பாங்க.

பரணிதரன்: அது... குப்பையில போட்டுட்டேன்.

தேவதர்ஷினி: அலமாரியிலதானே இருக்குது? இந்தாங்க சிஸ்டர்.

கிறிஸ்டினா: எல்லாம் காலி. நல்லது. முதல் நாளு என் கண்ணெதிர ஒரு மாத்திரை முழுங்கினீங்க. கூட சேத்துப் போடச் சொன்னத, நாஷ்டா துன்னுட்டு போட்டுக்கறேன்னீங்க. போட்டீங்கதானே?

பரணிதரன்: அந்த மாத்திரையா...

கிறிஸ்டினா: இன்னாண்ணா?

பரணிதரன்: அத தேவிக்குக் குடுத்துட்டேன்.

கிறிஸ்டினா: யாருக்கு?

பரணிதரன்: ஒடிசாவுல கூட இருந்த அன்பு சொன்னான் சிஸ்டர். ஒன்னு காய்ச்சலப் போக்க, இன்னொன்னு வராம தடுக்கன்னு. எனக்குத்தான் வந்துடுச்சே... தடுக்கறத நான் துன்னு இன்னா பண்றது? ஒரே ரூமுல படுக்கறோம், இவளுக்கு வந்துட்டா?

கிறிஸ்டினா: பாகம் பிரிக்க அது இன்னா நெலமா? ஒரு மாத்திரை கிருமிய வேகமா அடிக்கும், சீக்கிரமே ஒடம்ப வுட்டுப் போய்டும். இன்னொன்னு மெதுவா வேலை செய்யும், ஆனா ரொம்ப நாளு ரத்தத்துலயே தங்கி மிச்சத்த முடிக்கும். ரெண்டும் சேந்தாதான் ஒரு மருந்து. தனியா போட்டா, மிஞ்சின கிருமி அந்த மாத்திரைக்கே பழகிக்கும்.

பரணிதரன்: இப்ப ஒடம்பு நல்லாதானே இருக்குது?

கிறிஸ்டினா: இப்ப இருக்கும். சில வாரம் கழிச்சு திரும்ப வரும். அப்ப உங்களக் கடிச்ச கொசு அடுத்து யாரக் கடிக்கும்?

பரணிதரன்: ...தேவிய.

கிறிஸ்டினா: நீங்க முழுசா சாப்பிட்டிருந்தாலே அவங்களுக்கும் அதுதான் தடுப்பு. அதோட ஒரு கொசுவலை.

பரணிதரன்: இப்ப இன்னா பண்றது சிஸ்டர்?

கிறிஸ்டினா: டாக்டரக் கேக்கணும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொன்னாலும் சொல்வாரு. ஏம்மா தேவி, உனக்கு அரிப்பு, தடிப்பு எதுனா வந்துதா? நோயே இல்லாம அத முழுங்கலாமா?

தேவதர்ஷினி: எனக்கு ஒன்னும் இல்ல சிஸ்டர்.

பரணிதரன்: அவளத் திட்டாதீங்க. வாணாம்னுதான் சொன்னா. நான்தான் தண்ணி டம்ளரோட நின்னுக்கினு பேஜாரு பண்ணேன்.

கிறிஸ்டினா: இருங்க, டாக்டருக்கு ஃபோன் போடறேன்.

தேவதர்ஷினி: கொஞ்சம் இருங்க சிஸ்டர்...

கிறிஸ்டினா: ஏன்?

தேவதர்ஷினி: அன்னிக்கு நீங்க சொல்றப்போ இவரு போர்வைக்குள்ள நடுங்கிக்கினு இருந்தாரு. ரெண்டையும் சேத்துப் போடணும்னு கேட்டுக்கினது நான்தான். ஆனா அவ்ளோ நடுக்கத்துலயும், எனக்கு வரக்கூடாதுன்னு மாத்திரையோட கைய நீட்னாரு பாருங்க... வாணாம்னு சொல்லி சொல்லிப் பாத்தேன். அப்புறம் வாயில போடற மாரி போட்டு, கைக்குள்ள மூடிக்கினேன்.

பரணிதரன்: அடிப்பாவி... தூக்கிப் போட்டுட்டியா?

கிறிஸ்டினா: இப்ப எங்கம்மா அந்த மாத்திரை?

தேவதர்ஷினி: இவரு வயித்துலதான் சிஸ்டர். அப்பவே பொடி பண்ணி கஞ்சியில கலந்து நானே ஊட்டிட்டேன். இன்னாடி கஞ்சி இது, இப்டி கசக்குதுன்னு திட்டிக்கினே கடைசி வாய் வரைக்கும் குடிச்சாரு.