மேக் எதுக்குக் குர்ர்ருங்குது

பூனை சந்தோஷமா இருக்குன்னா சொல்றீங்க? ம்... எல்லாரும் அதத்தாங்க்கா சொல்வாங்க. இந்த பஸ் எரைச்சல்லயும் உங்க காதுக்கு அந்தக் குர்ர்ரு கேக்குதே, பாத்தீங்களா. இருங்க, கூடைய ஜன்னல் பக்கமா வச்சிக்கறேன், உங்க கால்ல இடிக்குது. ஐயய்யோ, தொடாதீங்க. கடிக்கல்லாம் செய்யாது. உள்ள கட்டுப் போட்டிருக்கு, அதான்.

ஆமா, சீசவாட் ஜாதியேதான். சரியாச் சொல்லிட்டீங்களே! சாம்பல் ரோமம், நுனியில மட்டும் வெள்ளி மினுங்கும், பச்சக் கண்ணு. பேரு மேக். பிமாய்ல பூனைக்கார உதோம்னு யாரக் கேட்டாலும் கை காட்டுவாங்க, அது நாந்தான். இதுங்கள நாங்க காசுக்குக் குடுக்கறதில்ல. கல்யாணப் பொண்ணுக்குச் சீரா போகும், அவ்வளவுதான். கையில கயிறு கட்டி முடிச்சதும் பொண்ணு மடியில பூனைய விடுவோம். குர்ர்ருன்னுச்சுன்னா போற வீடு நல்ல வீடு. முரண்டு புடிச்சுதுன்னா பெரியவங்க முகம் சுண்டிப்போகும். எங்க வீட்ல அது ஒரு கணக்கு. ஊரே என் வாயப் பாத்துட்டு நிக்கும்க்கா, உதோம் என்ன சொல்லப்போறான்னு. அதுல எனக்குத் திமிரு உண்டு. மறைப்பானேன்.

எனக்கு ஒரே பொண்ணு. லம்துவன். அவ கல்யாணத்துக்கு, இருந்ததுலயே நல்ல குட்டி இந்த மேக்தான், இதத்தான் மடியில விட்டேன். நெல்லு மில்லு ஓடுற மாதிரி ஒரு சத்தம்! பாத்தீங்களாடா, என் மாப்ளை வீட்டப் பாத்தீங்களாடான்னு பந்தல்ல நின்னு கத்தினேன். இப்ப நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

மாப்ளையா? சோம்கிட்னு பேரு. கரும்பு லாரி ஓட்றான். இந்த பஸ் போற புகியோல, சந்தைக்குப் பின்னால சந்து இருக்குல்ல, நீலக் கதவு. ஓ, உங்க வீடும் அந்தப் பக்கந்தானா? நல்லதாப் போச்சு. பெரியவங்களக் கண்டா கும்பிட்டுத்தான் பேசுவான். தங்கம்னு நாந்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

இந்த சொங்க்ரான் பண்டிகைக்கு வந்தா. எல்லாரும் தண்ணி ஊத்தி வெளையாடிட்டு இருக்காங்க, இவ மட்டும் அடுப்படில உக்காந்துட்டு நகரவே மாட்டேங்கறா. பக்கத்துல இதே கூடை, உள்ள இதே மேக். பண்டிகை முடிஞ்சு கெளம்பற நாள்ல, பப்பாளிக்கா இடிச்சிட்டிருந்தவ ஒலக்கைய வச்சிட்டு, அப்பா, நான் திரும்பிப் போகலன்னா. என்னடி ஆச்சுன்னேன். போகலப்பான்னா. அவ்வளவுதான் சொன்னா.

அடிக்கிறானான்னு கேக்கலியான்னா... கேக்கலக்கா. நான் அவளக் கேக்கல, பூனையக் கேட்டேன். மேக்கத் தூக்கி நெஞ்சோட வச்சு காதக் குடுத்தேன். குர்ர்ர். அடி போடி, வாயில்லா ஜீவன் பொய் சொல்லுமா, அந்த வீட்ல ஒரு கொறையும் இல்ல, ஒனக்குத்தான் கொழுப்புன்னேன். சிரிச்சிட்டேதான் சொன்னேன். அவளும் சிரிச்சா. சிரிச்சாளேன்னு நானே கொராட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி விட்டேன். இதே பஸ்ஸுதான். பலாச்சொளை வாங்கிக் கையில குடுத்துட்டு டாட்டா வேற காட்டினேன். மானங்கெட்டவன்.

இல்லக்கா, கோழி நீங்க சாப்புடுங்க. வாசனை தூக்குது, ஆனா எனக்கு வேணாம்.

போன வாரம் வேன்காரர்ட்ட மேக்க மட்டும் குடுத்தனுப்பி இருந்தா. சோறு திங்க மாட்டேங்குதுப்பா, அங்கயே இருக்கட்டும்னா. வந்து எறங்கினதும் முன்ன விட ஜாஸ்தியாக் குர்ர்ருங்குது. எனக்குன்னா பெரும புடிபடல. பாத்தியா, அம்மா வீட்டுக்கு வந்த குஷின்னேன். எங்க வீட்டுக்காரி தொங்பை என்னை ஒரு பார்வ பாத்தா. திங்காத பூனைக்கு என்ன குஷின்னா. நான் வேணாம் வேணாம்னும் கேக்காம இன்னிக்குக் காலைல கொராட்டு மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டா. நானும் பின்னாலயே வந்தேன், டாக்டர்ட்ட என் பெருமைய அளக்கலாம்னு.

டாக்டர் சின்னப் பொண்ணு. படம் எடுத்துக் காட்டுச்சு. வெலா எலும்பு ரெண்டு ஒடைஞ்சிருக்கு, அதுக்குக் கீழயே முன்ன ஒடைஞ்சு தானா கூடின எலும்பு வேற. ஒதைச்சிருக்காங்க தாத்தான்னுச்சு. நான் விடுவேனா. சீசவாட் ஜாதியப் பத்தி எங்கிட்டயாம்மா சொல்ற, இது எப்படிக் குர்ர்ருங்குது பாருன்னேன். அந்தப் பொண்ணு கோவமே படல. நல்லா இருந்தாலும் பண்ணும் தாத்தா, வலி தாங்க முடியலன்னாலும் பண்ணும், பயந்தாலும் பண்ணும், தன்னத்தானே தேத்திக்கறதுக்குன்னுச்சு. சாகறப்பக்கூடப் பண்ற பூனை உண்டாம்.

அப்புறம் கட்டுப் போட்டுட்டே கேட்டுச்சு, இந்தப் பூனை இருக்கற வீட்ல வேற யார் இருக்காங்கன்னு.

தொங்பைதான் சொன்னா, எம்பொண்ணுன்னு. சொல்லிட்டு எம்மூஞ்சியப் பாக்காம வெளிய போயிட்டா. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூடைய என் கையில திணிச்சா. நீதான அனுப்பின, நீயே போயிக் கூட்டிட்டு வான்னா. கட்டுப் போட்ட பூனைய எதுக்குடி அலைய வைக்கறேன்னேன். மேக்கோட கட்டப் பாத்தா, அப்பாவுக்குப் புரிஞ்சிருச்சுன்னு நம்புவா, ஒம்மூஞ்சியப் பாத்து நம்பமாட்டான்னா. தப்பா சொன்னா? இல்லியே.

கெளம்பறப்ப போன் போட்டேன். எப்படிம்மா இருக்கேன்னேன். சிரிச்சா. நல்லா இருக்கேன்ப்பா, அவரு லோடுக்குப் போயிருக்காரு, சாயங்காலந்தான் வருவாருன்னா. அப்பா வரேன்டி, ஒன்னக் கூட்டிட்டுப் போகன்னேன். சிரிப்பு நின்னுச்சு. வராதீங்கப்பா, வந்தாலும் கதவத் தெறக்க மாட்டேன், திரும்பவும் நீங்களே கொண்டாந்து விடுவீங்கன்னு வச்சிட்டா. அப்புறம் போட்டுப்போட்டுப் பாக்கறேன், எடுக்கல.

பாலம் வந்துருச்சா? அடுத்தது நாமதான எறங்கணும். கூடைய ஒரு கை புடிங்கக்கா, ஆட்டாம. ஒங்களுக்கு அந்தச் சந்து வழிதானே... ஒரு ஒதவி. நீலக் கதவ நீங்க தட்டுங்க. பொம்பளக் கொரல் கேட்டாத் தெறப்பா. அப்பா வந்திருக்காருன்னு சொல்லிடாதீங்க. மேக் வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்.