ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன கரடி

பெரியதாழை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மீனவர்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று, "அந்தக் கரடி ஞாயித்துக்கிழம கடலுக்குப் போயிருக்கக் கூடாது மச்சான்" என்றார்.

"எந்தக் கரடிலே?"

"எம் மவ பாக்குற கார்ட்டூன்ல. நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழம எவனாவது வள்ளத்த எறக்குவானா?"

"கரடி மாதா கோயில் பூசைக்குப் போவுமாக்கும்! அது ஞாயித்துக்கிழமன்னு யாரு சொன்னா?"

"குட்டிக்கரடிக்கு ஸ்கூல் லீவு."

"சனிக்கிழமையா இருக்கும்லே."

ஜன்னலோரத்துக்காரர் சிரிக்கவில்லை.

"வலையத் திருடுன நரியவே கூட்டுச் சேக்குது. எவன் சேப்பான்? எதிர்காத்துல பாய் விரிச்சுப் போவுது. ஒவ்வொண்ணையும் பிள்ளகிட்ட சொன்னேன். நான் வீட்டுல கெடக்குறது அந்த ஒரு நாளுதான். பக்கத்துல உக்காந்து வேற என்ன பேசன்னு தெரியல."

"பிள்ள என்ன சொன்னா?"

"இப்ப அடுத்த வீட்டுல போயி பாக்கா."

"நீயும் அங்கன போயி வாய மூடிட்டு உக்காரு."

"போன வாரம் போனேன் மச்சான். வாசல்ல என்னயப் பாத்ததும் டிவிய அமத்திட்டா. 'முடிஞ்சிட்டுப்பா'ன்னு சொல்லுதா. அப்பதான் தொடக்கப் பாட்டே ஓடிச்சு."