இருபத்து நான்காவது பெயர்

கொம்பியூட்டருக்குத் தூசி ஆகாது. அதனால் என் அறைக்குள் செருப்போடு யாரையும் விடுவதில்லை. எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் இயக்கத்திலிருந்து வந்த அந்த இரண்டு பேரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். மரியாதை தெரிந்த பொடியள்.

யாழ்ப்பாணக் கரையில், குருநகரில் இருபத்து மூன்று பேர் சேர்ந்து, இவர்கள் தேடும் ஆட்களை ஒளித்து வைத்து வள்ளத்தில் இந்தியாவுக்கு ஏற்றிவிடுகிறார்களாம். யார் யாரோடு கதைப்பது என்று கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஒராளைத் தூக்கினால் மிச்சமெல்லாம் சிதற வேணும், மாஸ்டர். ஆர் அந்த ஆள் எண்டு உந்தப் பெட்டியைக் கேட்டுச் சொல்லுங்கோ."

ஒருவர் போதும் என்றது எனக்கு நியாயமாகவே பட்டது. நான் மறுத்திருந்தால் இருபத்து மூன்று பேரையும் பிடித்திருப்பார்கள். ஒவ்வொருவராக நீக்கி, அவர் இல்லாவிட்டால் எத்தனை பேருக்குச் செய்தி போகாது என்று பார்க்கப் புரோகிராம் எழுதினேன். இரண்டு பெயர்கள் சமமாக வந்தன. வள்ளக்காரர் சூசைதாசன் இல்லாவிட்டால் ஒன்பது பேர் துண்டிக்கப்படுவார்கள். மீன் விற்கும் பெர்னடெட் இல்லாவிட்டாலும் ஒன்பது.

பெர்னடெட்டை எனக்குத் தெரியும். செவ்வாயும் சனியும் மீன் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசல் படலைக்கு வருவாள்.

"மாஸ்டர், நேற்றும் கடைப் பாண்தானே சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனைக் காட்டுவாள். அம்மா செத்த பிறகு என்னிடம் அப்படிக் கேட்டது அவள் மட்டும்தான். வகுப்பில் கணக்குச் சொல்வதைத் தவிர, அவளோடு மட்டுமே நான் வாய் திறந்த கிழமைகள் உண்டு.

சமன் வந்தால் தரவு போதவில்லை என்று அர்த்தம். தாளை மறுபடி பார்த்தேன். ஒரு தொடர்பு விடுபட்டிருந்தது. பெர்னடெட் கதைக்கும் ஆட்களில் நானும் ஒருவன். இருபத்து நான்காவதாக என் பெயரைச் சேர்த்தேன். என் பெயரிலிருந்து ஒரேயொரு கோடு, அவளுக்கு. அவள் இல்லாவிட்டால் துண்டிக்கப்படுபவர்கள் இப்போது பத்துப் பேர். அந்தப் பத்தைத் திரையில் பார்த்தபோது, மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. நானும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தேன். அச்சடித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்கு வரும் வழியில் அவளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. மறு கிழமை அவளுடைய தாய் லூர்த்தம்மா வந்தாள்.

"தம்பி, உங்களோடை நல்லாக் கதைக்கிறவள். ஏதும் சொன்னவளோ?"

"இல்லையம்மா" என்றேன். அது உண்மை. நான் சாப்பிட்டேனா என்பதற்கு மேல் அவள் எதுவும் கதைத்ததில்லை.

கணக்கில் பிழை இல்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒருவரும் வள்ளம் ஏறவில்லை. என் படலையையும் யாரும் திறக்கவில்லை. இதையெல்லாம் பதிவுசெய்ய வந்த நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பெர்னடெட்டை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுடைய பெயர் அவர்களுடைய தாளிலேயே இருந்தது. நான் சேர்த்தது என் பெயரை மட்டும்தான்.