அக்கா சொன்னதாக நான் சொன்னவை

மானிட்டர் திடீரென்று இருண்டுபோனால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் திரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே மின்சாரப் பலகையில் சுண்டுவிரல் நுனியளவு கெப்பாசிட்டர்கள் இருக்கும். நாள்பட்ட சூட்டில் அவற்றின் தலை உப்பிவிடும். கழற்றிவிட்டு அதே அளவில் புதியதை வைத்தால் போதும். இதுதான் என் தொழில். கடையில் நான் எல்லோருக்கும் அக்கா. வீட்டில் மட்டும் தங்கச்சி.

என் அக்கா பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்கு வந்தவள். அத்தான் இல்லை, மகன் தொலைதூர ஊரில். வலது கையும் பேச்சும் போய்விட்டன. இடது கையால் எழுதினால் கோழி கிளறியதுபோல இருக்கும். போனில் விரல் நடுங்கி நாலு எழுத்தை ஒன்றாக அமுக்கிவிடும். அதனால் நானே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேற்றி, எழுத்துகளைக் கொட்டை கொட்டையாகத் தெரியவைத்துக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தட்டுவாள். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பிலேயே நான் கெட்டவளாக இருக்கவில்லை.

அக்காவுக்குப் பேச்சுதான் போனது, வாய்த்துடுக்கு போகவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “இன்னிக்கு உப்புக்கு லீவா?” என்று தட்டினாள். என் கணவர் புரையேறும்வரை சிரித்தார். அவர் என்னிடம் பேசிச் சிரித்து எத்தனையோ காலம். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார், “உங்கக்கா இன்னிக்கு என்ன எழுதினாங்க?” என் முகத்தைப் பார்த்து அல்ல, அவள் அறையைப் பார்த்து.

அந்த மானிட்டர்தான் இருண்டது. கடையில் வேலை குவிந்திருந்ததால் கிடப்பில் போட்டேன். அந்த நாட்களில் அக்காவுக்கு என்ன வேண்டும் என்று அவர் என்னைத்தான் கேட்டார். அவள் கண்ணைப் பார்த்து நான் எடுத்துச் சொல்வேன். சில சமயம் சிரிக்கும்படியாகவும் சொன்னேன். அவர் சிரித்தார். ருசி கண்ட பூனை என்பார்களே, அந்தக் கதைதான்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் பிரித்தேன். மூன்று கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. மாற்றினேன். திரை பளிச்சென்று எரிந்தது. நிமிர்ந்தால் கதவருகே சக்கர நாற்காலியில் அக்கா. வெளிச்சம் முகத்தில் விழ, கோணிய வாயால் சிரித்தாள்.

நான் திரையை அணைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதியவற்றைக் கழற்றி, உப்பிப்போன பழையவற்றையே திரும்பப் பற்றவைத்தேன். கை நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் அதிக வெட்கமாக இருக்கிறது.

“போர்டே போயிடுச்சு. சாமான் வரணும்” என்றேன் கணவரிடம். அக்கா இடது உள்ளங்கையால் மேசையை ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

“என்னவாம்?”

“மானிட்டர் போன ஆத்திரம்.”

யோசித்துப் பாருங்கள், அது பொய்யில்லை.

அன்று முதல் அவரைக் கண்டாலே அவள் மானிட்டரைக் காட்டுவாள், என்னைக் காட்டுவாள், தட்டுவாள். “புதுசா ஒண்ணு வாங்கிடலாம். வீடே களையிழந்து கிடக்கு” என்றார் அவர். அந்தச் சொல் என்னைச் சுட்டது. புதியது வந்தால் அக்கா முதலில் எதைத் தட்டுவாள் என்பதும் தெரியும். அவள் மகனுக்குப் போன் செய்தேன்.

“அம்மாவுக்கு இங்க பொழுதே போகலையாம். ஏதாவது பராமரிப்பு இல்லத்துல சேர்த்துவிடச் சொல்றா.”

“அம்மாவே சொன்னாங்களா, சித்தி?”

“கூடவே இருக்கேன். அவ சொல்றது எனக்குப் புரியாதா?”

“அவங்க இஷ்டம்னா சரி” என்றான்.

கிளம்பும் நாளில் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “போக மனசில்ல போலிருக்கே” என்றார் கணவர். “பிரிஞ்சு போற வருத்தம் இருக்காதா?” என்றேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தேன். தட்டுகிற விரலைக் கடைசியாக.

அதற்குப் பிறகு என் கணவர் என்னிடமும் எதுவும் கேட்பதில்லை.

போன மாதம் இல்லத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் இடது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். “எந்நேரமும் தட்டிக்கிட்டே இருக்காங்க, மத்தவங்களுக்குத் தூக்கம் கெடுது” என்றாள் நர்ஸ். “என்னமோ சொல்ல வர்றாங்க. உங்களுக்குப் புரியுதா?”

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. பழக்கதோஷம்” என்றேன்.

வெளியே வந்ததும், கையில் கட்டிய துணியையாவது அவிழ்க்கச் சொல்லலாம் என்று திரும்பினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். அக்காவுக்கு அது பழகியிருக்கும், என்னை மறுபடி பார்த்தால் வீணாக மனம் கலங்குவாள் என்று பட்டது. அவள் மனதில் இருப்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?